கால்நடை அறுவைப் பிரிவு மாணவர் யோசிப்பதற்கு எப்படி மார்க் போடுவது? – கேள்வி பதில்

உதவிப் பேராசிரியர்: மேடம், மாணவர் தையல் போடுவதை ஓஸ்கியில் (நிலையம் நிலையமாகச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு) பார்த்துவிடுகிறோம். யோசிப்பதை எப்படிப் பார்ப்பது?

பதில்: 1975-ல் மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஓஸ்கி, கைவேலைக்கு நல்ல தேர்வு. யோசனைக்கு நான் கேஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ப்பேன். "கன்று போட்டு ஒரு மாதமான எருமை, வயிறு உப்பியிருக்கிறது" என்பேன். மாணவர் சாதாரண உப்புசம் என்பார். "மருந்துக்கு அடங்கி மறுபடி உப்புகிறது, சாணம் கொஞ்சமாக, கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கிறது" என்பேன். உதரவிதானம் கிழிந்து ரெட்டிகுலம் (இரைப்பையின் ஓர் அறை) மார்புக்குள் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் இப்போது வர வேண்டும். வந்தாலும் முழு மார்க் இல்லை. "எதைப் பார்த்தால் இந்த எண்ணத்தைக் கைவிடுவாய்?" என்று கேட்பேன். பாதி மார்க் அதற்குத்தான்.

ஒரே கேஸை வைத்து யாரையும் எடை போடாதீர்கள். எருமையில் தெளிவாக யோசிப்பவர் நாயில் தடுமாறுவார்.

இறுதியாண்டு மாணவர்: வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எனக்கு வாய் வராது. யோசிக்கத் தெரியாதவன் என்று ஆகிவிடுமா?

பதில்: ஆகக் கூடாது, தம்பி. எழுத்திலேயே வைக்கும் ஸ்கிரிப்ட் கன்கார்டன்ஸ் தேர்வு இருக்கிறது. உதாரணம்: கருத்தடை செய்யாத பெண் நாய், நிறையத் தண்ணீர் குடிக்கிறது. சிறுநீரகக் கோளாறு என நினைக்கிறீர்கள். ஐந்து வாரத்துக்கு முன் ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) வந்தது என்று தெரிகிறது; அப்படியானால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். உங்கள் எண்ணம் வலுக்கிறதா, தளர்கிறதா? -2 முதல் +2 வரை குறிக்க வேண்டும். அனுபவசாலிகள் 10, 15 பேர் குறித்ததோடு ஒப்பிட்டு மார்க் வரும்.

கிராம மருந்தக மருத்துவர்: அந்த 15 பேருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை என்றால் எது சரி?

பதில்: ஒத்துப்போகாத இடம்தான் டாக்டர் எனக்கு வேண்டும். நம் வேலையில் பாதி அப்படித்தானே? ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு: பயந்து நடுவிலேயே குறித்துக்கொண்டு போகிறவரும் மார்க் தேற்றிவிடலாம். அதனால் பாஸ், ஃபெயிலை இதை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை.

ஒரு வாசகர்: என் லேப்ரடார் பெண் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி. என்ன மருந்து?

பதில்: இங்கே காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடைசி ஹீட் எப்போது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

இன்னொருவர்: நீளமான கேஸ் ஒன்று கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. மேலே சொல்லிவிட்டேன்.

வேறொருவர்: நேரமில்லை மேடம், ஒரே ஒரு கேஸ்...

பதில்: நீளத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரே கேஸ் கூடவே கூடாது.

கிராம மருந்தக மருத்துவர்: காகிதமெல்லாம் எதற்கு? கருப்பை முறுக்கிய மாட்டின் முன்னால் நிறுத்துங்கள், தெரிந்துவிடும்.

பதில்: நிறுத்துங்கள் டாக்டர், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் "வலப்புற முறுக்கு" என்று சொன்னதும் விட்டுவிடாதீர்கள். முறுக்கை எடுக்க மாட்டை எந்தப் பக்கம் உருட்டுவாய், ஏன் என்று கேளுங்கள். "வலப்பக்கமே" என்பதை மனப்பாடமாகவும் சொல்லலாம். கருப்பை அசையாமல் கிடக்க, உடம்பு அதே திசையில் சுற்றிவந்து அதை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறவர், இடப்புற முறுக்கு வந்தாலும் தவறாக உருட்ட மாட்டார்.