கடவுச்சீட்டைப் பதிவேற்றத்தான் வேண்டுமா?

வணக்கம். லீட்ஸில் படிக்கும் உங்களுக்கு 19 வயது என்றும், வயது வந்தோருக்கான தளம் ஒன்று உங்கள் முகத்தைக் கேமராவில் பார்த்தும் திருப்தியடையாமல் கடவுச்சீட்டின் படத்தைக் கேட்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், பயனரின் வயதைச் சரிபார்க்கும் கடமையைத் தளத்தின் மீதுதான் சுமத்துகிறது, உங்கள் மீதல்ல. 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்ற பொத்தானோடு நிறுத்திக்கொள்ளும் தளத்துக்கு, 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை, தகவல்தொடர்புத் துறை ஒழுங்காணையமான ஆஃப்காம் அபராதம் விதிக்கலாம் என்பதால்தான் 2025 ஜூலை 25 முதல் இத்தனை கெடுபிடி.

முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கும் மென்பொருள் சில ஆண்டுகள் பிசகக்கூடும் என்பதால், வரம்பை 18க்குச் சற்று மேலேயே வைப்பதுண்டு. 19 வயதுக்காரர் அதில் தோற்பது வியப்பல்ல. (28 வயதான நானே தாடியை மழித்த மறுநாள் தோற்றேன்.)

நானாக இருந்தால் கடவுச்சீட்டைக் கொடுக்கமாட்டேன். உரையாடல் செயலியான டிஸ்கார்டுக்காக வேலை செய்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக ஏறத்தாழ 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே அறிவித்தது. உங்களிடம் கடவுச்சீட்டைக் கேட்கும் பக்கத்திலேயே வேறு வழிகள் தரப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பிரிட்டனில் கிரெடிட் கார்டு 18 வயது நிரம்பியவர்களுக்கே கிடைக்கும் என்பதால் அது சான்றாகும், டெபிட் கார்டு ஆகாது. வங்கி வழியான சரிபார்ப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். உங்கள் ஒப்புதலின் பேரில், நீங்கள் 18 கடந்தவரா என்பதை மட்டும் வங்கி உறுதிசெய்யும், பிறந்த தேதிகூடத் தளத்துக்குப் போகாது.