நாலாவது ஆள் காரில் இருக்கிறார்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், வயது 36. துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. வாரத்தில் இரண்டு நாள் பகல் முழுக்க வீட்டில்தான். வாரம் மூன்று நாள் மாலை 6 மணிக்கு உம்லாங்கா பக்கம் பேடல் ஆடப் போகிறேன். டென்னிஸ் மாதிரி, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேராக நாலு பேர் ஆடும் ஆட்டம். ஒன்றரை மணி நேரத்துக்குக் கோர்ட் வாடகை 520 ராண்ட், பகலில் 360. நாலாவது ஆள் கிடைக்காமல் மூன்று பேராகச் சமாளிக்கிறோம். கோர்ட் என் பேரில் இருப்பதால் அந்த நாலாவது பங்கையும் நானே போடுகிறேன். எங்கள் கார் மனைவியிடம் இருக்கும். அதனால் அப்பாதான் தன் காரில் கொண்டுபோய் விட்டு, முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு 68 வயது, ஓய்வு பெற்றவர். செலவை எப்படிக் குறைப்பது?

பதில்: தம்பி, ஜிம்முக்கு இவ்வளவு ஆகிறது, கோல்ஃபுக்கு இவ்வளவு ஆகிறது என்று பல பேர் எழுதிவிட்டார்கள். குறைத்து ஆடுங்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். ஆனால் அப்பா காரிலேயே உட்கார்ந்திருப்பார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஒன்றரை மணி நேரம், வாரம் மூன்று தடவை. ஜூன், ஜூலையில் டர்பனில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இந்த ஊரில் ஒரு பெரியவர் இருட்டில் நிறுத்திய காருக்குள் தனியாக இருப்பது ஆபத்து என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ‘உள்ளே வாங்கப்பா’ என்று ஒரு தடவையாவது கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பீர்கள்.

கேட்டால், ‘எனக்கு இதுவே போதும், நீ போய் ஆடு’ என்பார். அந்தத் தலைமுறை அப்பாக்கள் வேறு எதுவும் சொல்ல மாட்டார்கள். அதை அப்படியே நம்பிவிடுவது மகனுக்கு வசதி. அவர் எந்தக் காலத்தில் வளர்ந்தவர் என்று யோசியுங்கள். சாட்ஸ்வர்த்தே இந்தியர்களை ஒதுக்கிக் குடிவைக்க 1960களில் கட்டிய இடம். பூங்கா, கடற்கரை, விளையாட்டிடம் எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்து வைத்த 1953-ஆம் வருடச் சட்டம் 1990-ல்தான் நீங்கியது. அதற்குள் உங்கள் அப்பா முப்பதைத் தாண்டிவிட்டார். ஓடியாட வேண்டிய வயதெல்லாம் அப்படிப் போனது. இன்று தடுக்க யாரும் இல்லை, மகனும் உள்ளேதான் இருக்கிறான். ஆனாலும் அவர் வெளியில். எனக்கு இது பொறுக்கவில்லை, தம்பி. பெற்றவரை டிரைவராக வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டத்துக்கு வாடகை குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

நாலாவது ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அந்த ஆள்தான் உங்களைக் கொண்டுவந்து விடுகிறார்.

68 வயதில் எப்படி என்று கேட்காதீர்கள். பேடலில் டென்னிஸ் மாதிரி தலைக்கு மேல் ஓங்கி சர்வீஸ் போடுவதில்லை. பந்தைத் தரையில் தட்டி, இடுப்புக்கு மேல் போகாமல் கீழ்க்கையாக அடிக்க வேண்டும். கோர்ட்டும் சின்னது, 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆளைத் தாண்டிப் போன பந்து கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும், நிதானமாக எடுக்கலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்த அழுத்தம், இதயம், முழங்கால் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஆட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் உள்ளே பெஞ்சில் உட்காரட்டும், கையில் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

இப்போது கணக்கு. இரண்டு பங்கு போடுவதால் ஒரு மாலைக்கு 260, வாரத்துக்கு 780 ராண்ட் போகிறது. மாலை ஆட்டத்தை ஒரு நாளாக்கி, 520-ஐ மூன்று பேரும் சமமாகப் போடுங்கள், உங்களுக்கு 173 ஆகும். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் இத்தனை நாள் பணத்தை விட்டிருக்கிறீர்கள். மற்ற இரண்டு ஆட்டமும் நீங்கள் வீட்டில் இருக்கும் பகலில், அப்பாவோடும் ஓய்வு பெற்ற அவருடைய நண்பர்கள் இருவரோடும். தலைக்கு 90 ராண்ட். அப்பாவின் பங்கையும் நீங்கள்தான் போட வேண்டும், அது மகன் செய்ய வேண்டியது. அப்படியும் வாரத்துக்கு 533-தான் வரும். நான்கு வாரத்தில் ஏறக்குறைய 1,000 ராண்ட் மிச்சம்.

பேட் தினமும் வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்றால், பழையதாக இரண்டு வாங்கிவிடுங்கள். பேடல் பேட்டில் நரம்பு கிடையாது, அறுந்து மாற்றும் செலவும் இல்லை. விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். வர முடியாத நாளில், பணம் பிடிக்காத கெடுவுக்குள் பதிவை ரத்து செய்யப் பழகுங்கள்.

ஷூவில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். செயற்கைப் புல்லின் மேல் மணல் கிடக்கும், சாதாரண ஷூ வழுக்கும். அப்பாவின் அளவு தெரியுமா உங்களுக்கு? வாசலில் கழற்றி வைத்திருப்பார், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.