எமர்ஜென்சியில் சாதாரண ஜனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா?

அரசியல்வாதிகள்தான் ஜெயிலுக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு ரயில் நேரத்துக்கு வந்தது, அவ்வளவுதான் என்று தாத்தா சொல்கிறார், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. 1975 ஜூனில் எமர்ஜென்சி வந்தும், இங்கே தி.மு.க. ஆட்சி இருந்தவரை அதன் சூடு நமக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. 1976 ஜனவரி 31-ல் ஆட்சியைக் கலைத்தார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் எங்கள் வீட்டுக் கதை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் இயந்திரம், ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கும் நாலு கேஸ். ஆட்சிக் கலைப்பைக் கண்டித்து நோட்டீஸ் அடிக்க அம்மாபேட்டையிலிருந்து நெசவாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "அச்சகம் பேர் வேண்டாங்க, உங்களுக்குத்தான் தொந்தரவு" என்று அவர்களே சொன்னார்கள். பேர் போடாமல் அடிப்பது சட்டப்படி குற்றம், அதை விட அப்பாவுக்கு அது கௌரவப் பிரச்சனை. கடைசி வரியில் பேரைக் கோர்த்தார்.

புரூப் எடுத்த அன்று ராத்திரி யாரோ வந்து போலீஸ் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். "கண்ணு, மேட்டரைப் பிரிச்சுப் போட்ரு, பேரை முதல்ல பிரி" என்றார் அப்பா. மேட்டர் என்றால் கோர்த்து வைத்த எழுத்துகள். எனக்கு 12 வயது. சிம்னி விளக்கில் ஒவ்வொரு எழுத்தாக அதனதன் அறையில் போட்டேன், கை நடுக்கத்தில் 'ர'வும் துணைக்காலும் கலந்துபோய், பல நாள் கல்யாணப் பத்திரிகைகளில் பிழை வந்தது. புரூப் தாளை அம்மா அடுப்பில் வைத்தார். போலீசுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தும் அப்பாவை அழைத்துப் போய் இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். வழக்கு இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. திரும்பி வந்தபோது வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. ஒரு மாதம் நான்தான் அச்சுக் கோர்த்தேன். என்ன நடந்தது என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் மிசா சட்டத்தில் பிடித்தால் ஏன் என்று கோர்ட்டில் கேட்க முடியாது என்று அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொன்னது, 5 நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார். சேலத்துக்காரர்களுக்கு ஜெயில் பயம் புதிதும் இல்லை. குடியரசான 16-ம் நாள், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அப்பா வளர்ந்ததே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

நீ எந்தக் கட்சி என்று யாராவது கேட்பார்கள். எங்கள் டிரெடிலில் காங்கிரஸ் நோட்டீசும் ஓடியது. 1977-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கூட்டணிக்குத்தானே 39-ல் 34 கொடுத்தது என்பார்கள். கொடுத்தது, மறுக்கவில்லை. அதனால் அப்பாவின் விரல் வீங்கவில்லை என்று ஆகிவிடுமா?

  

தாத்தாவிடம் இன்னொரு தடவை பேசுங்கள். 1976 பிப்ரவரியில் டீக்கடையில் சத்தமாக எதைப் பேசினார்கள், எதைப் பேசவில்லை என்று கேளுங்கள்.