பணமும் நேரமும் தடையில்லை என்றால்: நெடுந்தூரச் சைக்கிள் கேள்வி-பதில்

பணமும் நேரமும் தடையே இல்லை என்றால் சைக்கிளில் எங்கே போவீர்கள் என்று சென்ற முறை கேட்டிருந்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா, தாப்பா ரோடு, பீடோர், தெமோ, சுற்றுத் தோட்டங்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் எழுதிவிட்டீர்கள், பெரும்பாலும் கேள்விகளாகவே. எழுதியவர்கள் எல்லாரும் வரைபடத்தை விரித்திருக்கிறார்கள். நாள்காட்டியைப் பார்த்தவர் குறைவு. கையில் எவ்வளவு காசு இருந்தாலும் பனி உருகும் மாதத்தை நாம் மாற்ற முடியாது, காற்று திரும்பும் திசையையும் மாற்ற முடியாது. அதனால் இந்த முறை என் பதில்களில் ஊரை விட மாதமும் திசையும்தான் அதிகம் வரும்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ஒரே ஒரு பயணம்தான் என்றால் எது ஐயா? அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் கடைசி முனை வரை என்கிறார்களே?

பதில்: அண்ணே, அது பெரிய கனவுதான். வடக்கே புருடோ பே, தெற்கே அர்ஜென்டினாவின் உசுவாயா. சுற்றி வளைத்துப் போனால் 30,000 கி.மீ. வரை வரும். ஜூன் மாதம் வடக்கில் கிளம்ப வேண்டும், அதற்கு முன் குளிர் விடாது. தென் முனையில் கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அடுத்த வருடத்துக் கோடையைக் குறிவைத்து ஒன்றரை வருடம் ஒதுக்கினால் வழியில் தங்கி, மனிதர்களோடு பேசிப் போகலாம். நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே டேரியன் காடு இருக்கிறது. சுமார் 100 கி.மீ. சாலையே கிடையாது. அங்கே வீரம் காட்ட வேண்டாம், படகோ விமானமோ ஏறிக் கடந்துவிடுங்கள்.

ஆனால் ஒன்றே ஒன்று என்று கேட்டதால் என் தேர்வைச் சொல்கிறேன்: சிலியின் கரெத்தேரா ஆஸ்ட்ரால். புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து வில்லா ஓ'ஹிக்கின்ஸ் வரை சுமார் 1,240 கி.மீ. 1976இல் போடத் தொடங்கிய சாலை. தெற்கே போகப் போகத் தார் முடிந்து சரளைக்கல் வரும். கடல் நுழைந்து சாலை அறுபடும் இடங்களில் படகுதான். ஒரு பக்கம் பனி மலை, இன்னொரு பக்கம் மழைக்காடு. வில்லா ஓ'ஹிக்கின்ஸில் சாலை முடிந்தாலும் பயணம் முடியாது. ஏரியைப் படகில் கடந்து, காட்டு ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எல்லை தாண்டி, இன்னொரு ஏரியும் கடந்தால் அர்ஜென்டினாவின் எல் சால்ட்டேன். இந்தப் படகுகள் கோடையில்தான் ஓடும். காற்று கெட்டால் அன்றைக்கு ஓடாது. கரையில் இரண்டு மூன்று நாள் சும்மா காத்திருக்க முடிகிறவனுக்குத்தான் இந்த வழி. இரண்டு வாரம் லீவு போட்டு வருகிறவன் பாதி வழியில் பஸ் ஏறிவிடுகிறான்.

கேள்வி: அண்ணா, நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தா வரை ஏறுகிறேன். இமயத்தில் மணாலியிலிருந்து லே போகும் சாலைக்கு இது போதுமா?

பதில்: காலுக்குப் போதும் தங்கச்சி. லாத்தா இஸ்கந்தார் அருவி, ரிங்லெட் என்று 60 கி.மீ. வளைந்து வளைந்து ஏறுகிற பழைய பாதை நல்ல பயிற்சி. அதில் கீழே இறங்கும் காய்கறி லாரிகளுக்கு இடம் விட்டு ஓட்டப் பழகியவருக்கு இமயத்து லாரிகளும் பயம் தரா. உயரம்தான் வேறு விஷயம். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர். மணாலி–லே சாலையில் தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தொடுகிறது. அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் இங்கே கிடைப்பதில் பாதிதான்.

மணாலியில் தொடங்குவதுதான் வழக்கம். நான் அதற்கு எதிர்க்கட்சி. அந்தப் பக்கம் கேலாங் தாண்டியதும் ஓரிரு நாளிலேயே சர்ச்சுவில், 4,000 மீட்டருக்கு மேல், படுக்க வேண்டி வரும். அங்கே தலைவலியும் வாந்தியும் வந்தால் சட்டென்று கீழே இறங்க வழியில்லை, முன்னும் பின்னும் கணவாய்கள். ஸ்ரீநகரில் தொடங்குங்கள். சோஜி லா சுமார் 3,500 மீட்டர், அதைக் கடந்து சாலை மறுபடி இறங்கி கார்கிலில் 2,700 மீட்டரில் தூங்க வைக்கும். பிறகு ஃபோட்டு லா, 4,100 மீட்டர். இப்படி ஏறி இறங்கி லே சேரும்போது உடம்பு பழகியிருக்கும். லேயில் ஒரு வாரம் இருந்துவிட்டு மணாலியை நோக்கி இறங்குங்கள். பொது விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தை விட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், அந்த நிமிடமே கீழே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. மாதம்: ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை.

கேள்வி: என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி பினாங்கு வந்து, இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர். அவர் வந்த வழியைச் சைக்கிளில் தொட ஆசை. எப்படி?

பதில்: வந்த கடிதங்களில் இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கடல் வழி முழுவதையும் இன்று தொட முடியாது, நாகைக்கும் பினாங்குக்கும் பயணிகள் கப்பல் இல்லை. ஆனால் நாகைத் துறைமுகத்துக்குக் கடல் வழியாகவே போய் இறங்கலாம். 2023 அக்டோபரில் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பயணிகள் கப்பல் தொடங்கியது.

நான் போட்டுத்தரும் வழி இது. விமானத்தில் கொழும்பு. அங்கிருந்து வடக்கே அனுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம். வழி பெரும்பாலும் சமதளம்தான், வெயில்தான் சோதனை; விடியற்காலை கிளம்பி பத்து மணிக்கு நிழல் பார்த்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் அவசரப்படாமல் தீவுகளையும் சுற்றுங்கள். பிறகு காங்கேசன்துறையில் கப்பல். சைக்கிளை ஏற்ற முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நாகையில் இறங்கியதும் வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி, இரண்டும் பக்கம். அதன் பின் மேற்கே திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிக் கழனிகளுக்குள் போய்விடலாம். பெரிய சாலையை விட்டு வாய்க்கால் ஓரச் சாலைகளைப் பிடியுங்கள். தாத்தாவின் ஊர்ப் பெயர் தெரிந்தால் அங்கே போய் ஒரு வாரம் தங்குங்கள். மாதம் ஜனவரி கடைசி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தக் கரையில் பருவமழையும் புயலும், கப்பலும் நிற்கும். ஜனவரியில் மழை விட்டு சம்பா அறுவடை நடக்கும். பணம் இருக்கிறவர் இந்தப் பயணத்தில் செலவழிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாட்களைத்தான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும்.

கேள்வி: வீட்டு வாசலிலிருந்தே கிளம்பி ஐரோப்பா வரை தரை வழியாகவே போக முடியுமா?

பதில்: முழுக்கத் தரை வழி இன்றைக்குக் கடினம். மியன்மார் வழி அடைபட்டிருக்கிறது. அதனால் தாய்லாந்து, லாவோஸ், சீனா என்று வடக்கே போக வேண்டும். சீனா நமக்கு விசா இல்லாமல் 30 நாள் தருகிறது, கஜகஸ்தான் எல்லை வரை சைக்கிளிலேயே கடக்க அது போதாது. ஒரு பகுதி ரயிலில் போகலாம். மத்திய ஆசியா தாண்டியதும் அசர்பைஜான் 2020 முதல் தரை எல்லையை மூடி வைத்திருப்பதால் ஜார்ஜியாவுக்குப் பறக்க வேண்டி வரும். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளில், அதாவது செங்கன் நாடுகளில், 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், அதையும் கணக்கில் வையுங்கள். எல்லை நிலவரம் மாறும், கிளம்பும் மாதத்தில் மறுபடி விசாரியுங்கள்.

கேள்வி: வயது 61, முட்டி வலி. எனக்கும் ஒரு கனவுப் பயணம் உண்டா?

பதில்: உண்டு, தைவான். தீவைச் சுற்றி ஏறத்தாழ 970 கி.மீ. ஒன்றாம் எண் சைக்கிள் வழி போட்டிருக்கிறார்கள். பல காவல் நிலையங்களில் குடிநீரும் பம்பும் வைத்திருப்பார்கள். ஜயன்ட் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் லியு 2007இல் தம் 73ஆம் வயதில் இந்தத் தீவைச் சுற்றி வந்தவர். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அதனால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கடல் எப்போதும் உங்கள் பக்கமே இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை சூறாவளிக் காலம், தவிர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 50 கி.மீ. போதும். முட்டி வலிக்கு முதல் வைத்தியம் சீட்டைச் சரியான உயரத்தில் வைப்பது: பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும்.

கேள்வி: மகள் தனியாக உலகம் சுற்றப் போகிறேன் என்கிறாள். விடலாமா?

பதில்: அம்மா, 1963இல் அயர்லாந்துப் பெண் டெர்வ்லா மர்பி தனியாகவே டெல்லி வரை ஓட்டி வந்தார். 2018இல் வேதாங்கி குல்கர்னி என்ற இந்தியப் பெண் 20 வயதில் சுமார் 29,000 கி.மீ. ஓட்டி 159 நாளில் உலகைச் சுற்றினார். முடியும். முதலில் உள்ளூரில் ஒரு மாதம் தனியே ஓட்டட்டும். பங்சர் ஒட்டவும், அறுந்த செயினைக் கோக்கவும் அவள் கை பழகட்டும்.

கேள்வி: காசு பிரச்சினை இல்லை என்றால் எந்தச் சைக்கிள்?

பதில்: இரும்புச் சட்டகம், சக்கரத்துக்கு 36 ஆரக்கம்பி, 50 மி.மீ. அகல டயர், சுமையோடு மலை ஏறும் அளவுக்குச் சிறிய கியர். கார்பன் வேண்டாம், நெடுந்தூரத்தில் இரும்பு உடைந்தால் கிராமத்துப் பட்டறையில் ஒட்டிவிடலாம். செலவழித்தே ஆக வேண்டும் என்றால் பின்சக்கர நடுவிலேயே கியர் அடங்கிய ரோலோஃப் 14 கியர் ஹப் வாங்குங்கள், கியர் முழுக்க எண்ணெய்க்குள் மூடியிருக்கும், சேறும் மணலும் உள்ளே போகாது. நம் பெரியவர்கள் இருபுறமும் ரப்பர்ப் பால் வாளி தொங்கவிட்டுத் தோட்டத்து மண் பாதையில் ஓட்டியதும் இரும்புச் சைக்கிள்தான்.

கேள்வி: வெளிநாடே போகாமல்?

பதில்: தாப்பாவிலிருந்து ஈப்போ, கோல கங்சார், கிரிக். அங்கிருந்து கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி, பிறகு கோத்தா பாரு, அப்புறம் கடலோரமாகவே தெற்கே குவாந்தான். மார்ச்சுக்குப் பிறகு போங்கள். நவம்பர் முதல் கிழக்குக் கரையில் வெள்ளம். கிரிக்–ஜெலி நடுவே யானைகள் சாலையைக் கடக்கும். விடியலிலும் மாலை மயங்கும் நேரத்திலும் அந்தப் பகுதியில் ஓட்டாதீர்கள். யானையைக் கண்டால் நின்று, திரும்பி, ஏதாவது லாரி வரும் வரை காத்திருங்கள்.