முதல்ல மஃப், அப்புறம்தான் ரேடியோ: ரேஸ் பார்க்கப் போறவங்களுக்கான கேள்வி பதில்

ரிச்சி தெருவில் 26 வருஷமா ரேடியோ பழுது பார்க்கிறேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு சீசன் தவறாமப் போவேன். 2011ல் நொய்டா ஃபார்முலா 1 பார்த்தேன். 2019ல் மகன் வீட்டுக்குப் போன சாக்கில் ஜூன் மாசம் பிரான்ஸில் நடக்கிற 24 மணி நேர ரேஸ் லெ மான், ஜூலையில் இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் டிராக்கில் ஃபார்முலா 1. கமென்டரி கேட்க என்ன ரேடியோ, என்ன ஹெட்போன்னு கேட்டு வந்ததுக்கெல்லாம் இங்கே பதில். டிவி, கேமரா பத்திக் கேட்டவங்க மன்னிக்கணும், அது என் வேலை இல்லை.

வேளச்சேரி: அண்ணே, வர்ற ஜூன்ல நாங்க நாலு பேர் லெ மான் போறோம். ஆளுக்கு 3,000 ரூபாய்க்குள்ள எந்த ரேடியோ, எந்த ஹெட்போன் வாங்கலாம்?

தம்பி, அங்கே கமென்டரி இல்லாம 24 மணி நேரம் நிக்கவே முடியாது. டிராக் நீளம் 13.626 கிலோமீட்டர். நீங்க ஒரு வளைவில் நிப்பீங்க. ஒரு கார் உங்களைத் தாண்டிப் போனா திரும்பி வர மூன்றரை நிமிஷம் ஆகும். மூணு வகைக் கார்கள் கலந்து ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு யார் முன்னாடி, யார் டயர் மாத்த, பெட்ரோல் போட பிட்டுக்குள்ளே போயிட்டாங்கன்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ரேடியோ லெ மான் இங்கிலீஷ் கமென்டரி எஃப்எம் 91.2ல் வரும். அதைக் கேட்டாத்தான் ரேஸ் புரியும்.

இப்போ காசு. 3,000த்தில் பாதிக்கு மேல மஃப்புக்கு ஒதுக்குங்க. தொழிற்சாலையில் போடுற காதுக்கவசம்தான் நான் சொல்ற மஃப். பாரிமுனைப் பக்கம் ஹெல்மெட், கையுறை, சேஃப்டி ஷூ விக்கிற கடைகளில் கிடைக்கும். நான் இதை முதல்ல சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நிக்கிற இடத்தில் சத்தம் 100 டெசிபல்னு வைங்க. சாதா இயர்போனில் கமென்டரி கேட்கணும்னா அதுக்கும் மேல 105க்கு ஏத்தணும். காருக்கு மேல காருன்னு காதுக்குள்ளேயே ஒரு எஞ்சின் ஓடுற மாதிரி. அதே ஆள் நல்ல மஃப்பைப் போட்டு 20 டெசிபல் குறைச்சுட்டா வெளிச்சத்தம் 80 ஆயிடும், 85லேயே பேச்சு தெளிவா விழும். ஆக, காதைக் காப்பாத்துறதும் மஃப்தான், கமென்டரியைக் கேட்க வைக்கிறதும் மஃப்தான்.

இயர்போன், காதுத் துளைக்குள் போற ரப்பர் முனை வச்ச சின்னது. ஒயர் உள்ளதுதான் வேணும். முதல்ல அதைச் செருகி, அதுக்கு மேல மஃப்பைப் போடுங்க. ஒயரைக் காது மடலுக்குக் கீழே, தாடை ஓரமா இறக்குங்க. தடிச்ச ஒயர்னா மஃப் மெத்தையைத் தூக்கிவிடும், அந்த இடைவெளியில் சத்தம் நுழையும்.

ரேடியோவில் நாலு விஷயம் பாருங்க. நம்பர் காட்டுற திரை, 0.1 அளவில் நகர்ற டியூனிங், பட்டன் பூட்டு, கடையில் கிடைக்கிற பேட்டரி செல். முள் நகர்ற செட் பாக்கெட்டில் உரசி ஸ்டேஷன் மாறிடும். டெக்சன் மாதிரி பிராண்ட் செட்கள் ஸ்டேஷனை நல்லாவே இழுக்கும். ஆனா மஃப், இயர்போன் போக மீதிக் காசுக்கு அது வராது. சின்ன பாக்கெட் செட்டே போதும். வாங்கின அன்னிக்கே வீட்டு மாடியில் ரேடியோ சிட்டி 91.1 சுத்தமா விழுதான்னு பாருங்க. உங்களுக்கு வேண்டிய 91.2 அதுக்கு அடுத்த நம்பர்தான்.

தாம்பரம்: சார், என் புளூடூத் இயர்பட்ஸில் நாய்ஸ் கேன்சலிங் இருக்கு. அதுவே போதாதா?

போதாது. விமானத்தில் வர்ற உறுமல் ஒரே சீரா, தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கும். அதைத்தான் அந்த வித்தை நல்லா அடக்கும். ரேஸ் கார் கியருக்குக் கியர் ஏறி இறங்கிக் கத்தும், மேல் ஸ்தாயியில் கத்தும். அங்கே அதோட கை எட்டாது. அதுவும் போக, அந்தப் பட்ஸுக்குள்ள எஃப்எம் கிடையாது. போனில் ஆப் வழியாக் கேட்டா கமென்டரி பல வினாடி பின்தங்கி வரும். கார் உங்க முன்னாடி சுத்தி நின்ன பிறகு, நிதானமா ஒரு குரல் "நல்லா ஓட்டுறார்"னு சொல்லும்.

பெரம்பூர்: என் போன்லயே எஃப்எம் இருக்கு. தனியா ரேடியோ எதுக்கு?

உங்க போனில் எஃப்எம் வேலை செய்யுதுன்னா தாராளமா கேளுங்க. ஐபோனில் கிடையாது. ஒயர் இயர்போன் செருகணும், ஏன்னா அந்த ஒயர்தான் ஏரியல். 100 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர், உங்க இயர்போன் ஒயர் அதுக்குப் போதுமான நீளம். அதனால் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுப் பாக்கெட்டில் வைக்காதீங்க. நீளமாத் தொங்க விடுங்க. "ரேடியோ செத்துப்போச்சு"ன்னு கடைக்கு வர்ற பாதிப் பேருக்கு நான் அந்த ரப்பர் பேண்டை அவிழ்த்துக் கொடுத்து அனுப்புறேன், காசு வாங்குறதில்லை.

ராயபுரம்: பர்மா பஜாரில் ஒரு ஜப்பான் பாக்கெட் ரேடியோ பார்த்தேன், கச்சிதமா இருக்கு. சில்வர்ஸ்டோனுக்கு ஆகுமா?

திரும்பப் போய் அதில் எழுதியிருக்கிறதைப் பாருங்க. ஜப்பான் உள்ளூர்ப் பழைய செட் 76லிருந்து 90 வரைக்கும்தான் பிடிக்கும். சில்வர்ஸ்டோன் கமென்டரி 87.7, அது விழுந்துடும். லெ மான் 91.2 விழாது, நம்ம சூரியன் 93.5ம் விழாது. இன்னொரு பக்கம், நம்மூர்ப் பழைய செட் சிலது 88லிருந்துதான் ஆரம்பிக்கும். அதில் சில்வர்ஸ்டோன் விழாது.

குரோம்பேட்டை: ஏர்பாட்ஸ் ஓகேவா அண்ணா?

தாம்பரத்துக்குச் சொன்னதேதான்.

கே.கே.நகர்: ஸ்கேனர் வாங்கினா ஓட்டுநரும் டீமும் பேசுறதைக் கேட்கலாமாமே?

பல அலைவரிசையைத் தேடிப் பிடிக்கிற ரேடியோதான் ஸ்கேனர். அமெரிக்காவில் நாஸ்கார் கார் ரேஸ் பார்க்கிறவங்க அப்படித்தான் கேட்கிறாங்க, அங்கே அது ரேஸ் பார்க்கிறதில் ஒரு பகுதி. ஃபார்முலா 1 டீம் பேச்சு மறையாக்கம் செஞ்சது, ஸ்கேனரில் ஒண்ணும் புரியாது. இங்கே உரிமம் இல்லாம அந்த மாதிரிக் கருவி வச்சிருந்தா சட்டச் சிக்கல் வரும். பண்ணாதீங்க.

சோழவரம் காலத்து ஆள்: தம்பி, நான் சோழவரம் ஓடுதளத்தில் வைக்கோல் கட்டுக்குப் பின்னாடி நின்னு ரேஸ் பார்த்தவன். காதில் பஞ்சுகூட வச்சதில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்கத்தானே போறோம்? அதை மூடிட்டு ரேடியோ கேட்கிறதுக்கு வீட்டிலேயே இருக்கலாமே.

ஐயா, நீங்க சோழவரம் பார்த்தவர், அந்தப் பாக்கியம் எனக்கு இல்லை. இருந்தாலும் இதில் உங்களோட ஒத்துப்போக முடியாது.

நானும் அப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தேன். 2011 நொய்டாவில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின்கள், கார்கள் நேரா சீறிப் போற மெயின் ஸ்ட்ரெயிட்டுக்கு எதிரே நின்னேன், காதில் எதுவும் இல்லை. அந்த ரேஸை செபாஸ்டியன் வெட்டல் ஜெயிச்சார். ராத்திரி ரூமுக்கு வந்து படுத்தேன். ஃபேனை நிறுத்தினேன், ஏசியை நிறுத்தினேன், அப்பவும் "கொய்ங்"னு ஒரு சத்தம். ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தேன். அது வெளியே இல்லை, என் காதுக்குள்ளே. மூணு நாள் இருந்தது. வலது காதில் இன்னும் முழுசாப் போகலை. பழுது பார்க்கும்போது ஸ்பீக்கரில் வர்ற மெல்லிய கரகரப்பைப் பிடிக்க இப்போ இடது காதைத்தான் சாய்க்கிறேன். என் தொழிலுக்கே காதுதான் கருவி, ஐயா.

வேலையிடப் பாதுகாப்பை ஆராயற அமெரிக்க அரசு அமைப்பு நியோஷ் சொல்ற கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாக் குறையும். 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். ரேஸ் 15 நிமிஷத்தில் முடியறதில்லை.

சோழவரம் காலத்து ஆள்: கணக்கு சரி. ஆனா 2005ல் நம்ம நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1ல் ஓட்டினாரே, அந்த ஜோர்டான் டீம் காரோட பத்து சிலிண்டர் வி10 சத்தத்தை மஃப்புக்குள்ள கேட்டா அது வி10ஆ?

மஃப் சத்தத்தை அழிக்காது ஐயா, குறைக்கும். தாழ்ந்த ஸ்தாயியை அது அதிகம் தடுக்காது. அதிர்வு நெஞ்சில் வந்து மோதும், அதை எந்த மஃப்பும் தடுக்காது. இன்னொண்ணும் சொல்றேன். 2019ல் மஃப் போட்டுக்கிட்டு நின்னப்போதான் ஓட்டுநர் கியரைக் குறைக்கிற ஒவ்வொரு படியையும் எண்ண முடிஞ்சது. நொய்டாவில் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்தான், ஏன்னா காது அடைச்சுப் போச்சு.

அசோக் நகர், ஆவடி, திருவான்மியூர்: (மூணு பேரும் புளூடூத் இயர்பட்ஸ்.)

மூணு பேருக்கும் இதுதான் கடைசி. தாம்பரத்துக்குச் சொன்னதைப் படிங்க. இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

மயிலாப்பூர்: சார், நான் கண்ணாடி போடுவேன், ஜிமிக்கியும் போடுவேன். மஃப் உட்காரவே மாட்டேங்குது.

நல்ல கேள்வி மேடம், இதை யாரும் கேட்கறதில்லை. ஜிமிக்கியை வீட்டிலேயே கழற்றி வச்சுட்டுப் போங்க. மெத்தை அழுத்தினா வலிக்கும், இடைவெளியும் விழும். கண்ணாடிக்கு மெலிசான கம்பிக் காது வச்ச ஃபிரேம் நல்லது. முடியலைன்னா காதுத் துளைக்குள் வைக்கிற நுரை அடைப்பான் வைங்க. அதை விரல்களுக்கு நடுவில் ஊசி மாதிரி உருட்டுங்க. எதிர்க்கையைத் தலைக்கு மேல கொண்டுபோய்க் காது மடலை மேல்பக்கமா இழுத்துப் பிடிச்சு உள்ளே விடுங்க. அது விரியறவரைக்கும், ஒரு 30 எண்ணுறவரை, விரலால் அழுத்தி வைங்க. பாதி உள்ளே பாதி வெளியேன்னு இருந்தா அது அடைப்பான் இல்லை, கம்மல்.

சைதாப்பேட்டை: தீவுத்திடல் மாதிரி ஊருக்குள்ள ராத்திரி ரேஸ் நடந்தா ரேடியோ வேணுமா?

2024ல் ஃபார்முலா 4 நடந்தப்போ நான் ரேடியோ எடுத்துப் போகலை. ஒலிபெருக்கியைத்தான் நம்பினேன். நுரை அடைப்பான் போதும்.

இருங்காட்டுக்கோட்டைக்கு முதல் முறை: வெயிலில் மஃப் தாங்குமா?

வேர்க்கும். அடியில் கர்ச்சீப் வைக்காதீங்க, சத்தம் கசியும். ரேஸ் இடைவெளியில் கழற்றித் துடைச்சுக்கோங்க. ரெண்டு செல் கூடுதலா எடுத்துக்கோங்க.

சோழவரம் காலத்து ஆள்: நான் போட மாட்டேன், அது முடிவு. ஆனா அடுத்த மாசம் பேரனைக் கூட்டிட்டுப் போறேன், 6 வயசு. அவனுக்கு எந்த அளவு?

குழந்தைகளுக்குன்னே சின்ன வளையம் வச்ச மஃப் தனியா வருது ஐயா. பெரியவங்களோடதை இறுக்கி மாட்டாதீங்க, கீழே நழுவும். பையனையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. மாட்டிவிட்டு வாயைத் திறந்து மூடச் சொல்லுங்க. தாடை அசையும்போது மெத்தை தூக்காம இருந்தா அதுதான் அவன் அளவு. அவனுக்கு ரேடியோ வேண்டாம், கமென்டரியை நீங்களே கேட்டுச் சொல்லுங்க.

சோழவரம் காலத்து ஆள்: மஃப் போட்டிருக்கிற பையனுக்கு எப்படிய்யா சொல்றது?

கார் நம்பரை விரலில் காட்டுங்க. புரிஞ்சுக்குவான்.