யாருக்குப் பயந்து?

அன்புள்ள ஐயா,
தனிமனித உரிமையை முதன்மையாக வைக்கும் தாராளவாதத்தின் போதாமைகளைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். பேச்சுரிமை, தேர்தல், நீதிமன்றம் மூன்றும் இருந்தால் ஜனநாயகம் நடக்காதா? அதைக் குறை சொல்வது சர்வாதிகாரிகளுக்குத்தானே உதவும்? என் பார்வையில் கோளாறு மக்களிடம்தான். விவரம் தெரியாதவர்கள் பயந்து ஓட்டுப் போடுகிறார்கள். படித்தவர் ஓட்டுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தால் என்ன? இதைச் சொன்னதற்காக நெருங்கிய நண்பன் ஒருவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

அன்புள்ள தம்பிக்கு,

நண்பன் விலகிய வருத்தம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அவன் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போய்ப் பாருங்கள்.

சர்வாதிகாரி பேச்சுக்கு நீண்ட பதில் வேண்டாம். அந்த மூன்றும் எனக்கும் வேண்டும். அவை போதாது என்பதுதான் என் வாதம்.

ஆனால் 'பயந்து ஓட்டுப் போடுகிறார்கள்' என்று எழுதினீர்களே, யாருக்குப் பயந்து என்று கேட்கத் தோன்றவில்லையா? கேட்காமலே அவர்கள் ஓட்டின் மதிப்பைக் குறைக்கப் புறப்பட்டுவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

பிரிட்டனில் 1872 வரை எல்லோர் முன்னிலையிலும்தான் ஓட்டுப் போட வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்பதைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். படித்தவருக்குக் கூடுதல் ஓட்டு என்று 1861-லேயே எழுதிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், அதே நூலில் ரகசிய வாக்கெடுப்பையும் எதிர்த்தார். ஓட்டு ஒரு பொதுப் பொறுப்பு, ஊரறியப் போட வேண்டும், வாக்காளரை மிரட்டும் காலம் மலையேறி வருகிறது என்பது அவர் வாதம். சமூகமே தனிமனிதரை நசுக்கக்கூடும் என்று எச்சரித்தவரும் அவர்தான். அவருக்கே குத்தகைக்காரரின் பயம் சரியாகப் பிடிபடவில்லை. 1868 தேர்தலில் நிலக்கிழாரின் விருப்பத்துக்கு மாறாக ஓட்டுப் போட்ட குத்தகைக்காரர்கள் பலர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஓட்டுரிமை இருந்தது. காலடி நிலம் இன்னொருவர் கையில் இருந்தது.

அப்புறம், படித்தவர்கள். என் முதல் வேலையில் ஒருநாள் எங்கள் எல்லோரையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். இனி தினமும் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை, அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, மறுப்பு இருந்தால் தாராளமாகச் சொல்லலாம் என்றார் மேலாளர். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வேலை நேரத்தைப் பற்றி என்னிடம் தினமும் பொருமுகிறவர். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். வாய் திறக்கவில்லை. குடும்பப் பாரம் இல்லாத நானும் திறக்கவில்லை. 'அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்' என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். படியிறங்கும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "வாடகை ரெண்டு மாசம் பாக்கி இருக்கு." அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பட்டதாரிகள், தம்பி.

இதை ஒப்பந்தச் சுதந்திரம் என்று பெயர் வைத்துக் காப்பாற்றியும் இருக்கிறார்கள். ரொட்டி சுடும் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் என்று நியூயார்க் மாநிலம் வரம்பு வைத்தது. தொழிலாளியும் முதலாளியும் விரும்பியபடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தை அது பறிக்கிறது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-இல் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. நீங்கள் சொன்ன மூன்றும் அன்று அங்கே இருந்தன. அந்தத் தொழிலாளியால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா என்பதை மட்டும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுக்கவில்லை.

அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டை 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தார். அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறோம். உழுகிறவருக்கு நிலம், தொழிலாளிக்குச் சங்கம், வேலை போனால் சில மாதமாவது தாங்கும் உதவி என்று வரும்போது மட்டும் 'அதெல்லாம் நலத்திட்டம்' என்று தனியே ஒதுக்கிவிடுகிறோம். நான் அவற்றை வாக்குப்பெட்டியோடு சேர்த்தேதான் வைப்பேன்.

நண்பனைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள ஆசை.