வழித்துணைப் புத்தகம்

அன்புள்ள ஐயா,

மே மாதம் குடும்பத்தோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி போகிறோம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஆசையாக ஒரு பெரிய நாவலை எடுத்து வைப்பேன். இருபது பக்கம் தாண்டியதில்லை. போன தடவை தடிமனான ரஷ்ய நாவல் ஒன்றைச் சுமந்துகொண்டு போய், அப்படியே திரும்பச் சுமந்துகொண்டு வந்தேன். இந்த முறை சிரித்துக்கொண்டே படிக்கிற மாதிரி ஏதாவது கொண்டுபோகலாமா என்று தோன்றுகிறது. ஆனால் வீட்டில் படிக்க நேரமே இல்லாத எனக்குக் கிடைக்கிற முப்பது மணி நேரத்தையும் லேசான புத்தகத்தில் செலவழிப்பதா என்று உறுத்தலாகவும் இருக்கிறது. எதை எடுத்துப் போகலாம்? ஏழாம் வகுப்பு படிக்கும் மகனும் கூட வருகிறான்.

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

ரஷ்ய நாவலில் ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருக்கும். அப்பா பெயரைச் சேர்த்து ஒருவர் கூப்பிடுவார், செல்லப் பெயரில் இன்னொருவர் கூப்பிடுவார். வீட்டில் நிதானமாகப் படித்தால் நாற்பது ஐம்பது பக்கத்தில் அது பழகிவிடும். ரயிலில் அந்த நாற்பது பக்கம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. நாலு பக்கம் புரட்டுவதற்குள் டீக்காரர் வருவார். டிக்கெட் பரிசோதகர் வருவார். எதிர் சீட்டு அம்மா முறுக்குச் சம்படத்தை நீட்டி "எந்த ஊர் நீங்க?" என்பார். வாரங்கல் தாண்டி கோதாவரிப் பாலம் வந்துவிட்டால் மகன் உங்கள் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுப்பான். இழுக்கத்தான் வேண்டும். திரும்ப வந்து புத்தகத்தைத் திறந்தால், பேசிக்கொண்டிருப்பது யார் என்று கண்டுபிடிக்க மூன்று பக்கம் பின்னால் போக வேண்டியிருக்கும். இப்படி நாலு முறை நடந்தால் யாராக இருந்தாலும் மூடி வைத்துவிடுவார்கள். இதில் உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை.

ஆகவே பயணத்துக்குப் புத்தகம் தேடும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்த இடத்தில் மூடினாலும் கோபித்துக்கொள்ளாத புத்தகமா? சிரிப்பு, மர்மம், ஊர்க்கதை எதுவாகவும் இருக்கலாம். அத்தியாயம் சிறியதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் தன் காலில் தானே நிற்க வேண்டும்.

இந்த விஷயத்தில் தமிழில் நமக்குப் பெரிய சொத்து இருக்கிறது. நம் ஜனரஞ்சக எழுத்தில் பெரும்பகுதி வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்தது. போன வாரம் படித்ததைப் பாதி மறந்துவிட்ட வாசகரை மனதில் வைத்து எழுதியவர்கள் அவர்கள். முதல் பத்து வரியிலேயே ஆள் யார், இடம் எது, இப்போது என்ன சிக்கல் என்று நினைவூட்டிவிடுவார்கள். ஒரு வாரம் மறந்தவருக்காகச் செய்த அந்த ஏற்பாடு, டீ குடித்துவிட்டு வருகிறவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

நான் முதலில் சொல்வது தேவனின் துப்பறியும் சாம்பு. ஆர். மகாதேவன் என்ற தேவன் (1913–1957) ஆனந்த விகடனில் ஆசிரியராக இருந்தவர். சாம்பு 1940களில் அங்கேதான் வந்தான். பெரிய மூக்கு, வழுக்கைத் தலை, எல்லோரும் மண்டு என்று நினைக்கிற ஒரு பாங்க் குமாஸ்தா. அவன் தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் இருப்பான், உளறுகிற வார்த்தையில் துப்பு இருக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் மட்டும் இதையெல்லாம் மகா மேதையின் தந்திரம் என்று முழுமனதாக நம்புவார். ஒரு கதையை அரை மணிக்குள் படித்துவிடலாம். அதற்குள் வழக்கும் முடிந்துவிடும்.

கல்லூரி நாட்களில் பொங்கலுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது இதை எடுத்துப் போனேன். செங்கல்பட்டு தாண்டியிருக்கும். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். கீழ் பெர்த்தில் இருந்த ஒரு பாட்டி, "ஏன் தம்பி, தனியாச் சிரிக்கிறே? எங்களுக்கும் படிச்சுக் காட்டேன்" என்றார். கீழே இறங்கி உட்கார்ந்து படித்தேன். பக்கவாட்டு சீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார். அடுத்த தடுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து நின்றார்கள். விளக்கை அணைக்கும்வரை மூன்று கதைகள் ஆயிற்று. விடிகாலையில் அந்தப் பாட்டி இறங்கும்போது, மிச்சக் கதைகளைக் கேட்காமல் போகிறேனே என்றுதான் வருத்தப்பட்டார். லேசான புத்தகம் என்கிறீர்களே, கே., ஒரு பெட்டி மனிதர்களை இப்படிப் பக்கத்தில் கூட்டி வைத்த கனமான புத்தகம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

உறுத்தலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1888இல் அலகாபாத்தின் ஏ.எச். வீலர் நிறுவனம் ரயில் பயணிகளுக்காகவே சிறு கதைப் புத்தகங்கள் ஆறு வெளியிட்டது. விலை ஒரு ரூபாய். ஸ்டேஷனில் வாங்கிப் படிப்பதற்கென்று போட்டவை. எழுதியவர் அப்போது இருபத்திரண்டு வயது நிரம்பி ஓராண்டுகூட ஆகாத ருட்யார்ட் கிப்ளிங். 1907இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ரயிலில் படிக்கிற எழுத்தென்றால் ஒருபடி கீழே என்ற எண்ணத்தை அன்றைக்கே விட்டிருக்க வேண்டும்.

அடுத்து, அப்புசாமி சீதாப்பாட்டி. ஜ.ரா. சுந்தரேசன் தன் அம்மா அப்பா பெயர்களைச் சேர்த்து பாக்கியம் ராமசாமி என்று வைத்துக்கொண்டு எழுதிய கதைகள். இங்கிலீஷ் பேசும் பாட்டி, அவருக்குப் பயந்துகொண்டே வம்பு செய்யும் தாத்தா. சாம்புவைவிடச் சத்தமான சிரிப்பு இது, உங்கள் மகனுக்கும் பிடிக்கும். சுஜாதாவின் ஸ்ரீரங்கத்து தேவதைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவிரிக்கரைக்காரரான உங்களுக்கு அந்தத் தெருக்கள் அந்நியமாக இருக்காது. சிரித்துக்கொண்டே போகும்போது சில கதைகள் கடைசிப் பக்கத்தில் தொண்டையை அடைக்கும். அதற்காகவே அதை மாலை நேரத்துக்கு, போபாலுக்குக் கொஞ்சம் முன்னால், வெளிச்சம் மங்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

மாத நாவல்களும் பயணத்துக்கு நல்லவைதான். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கயிற்றில் தொங்கிய புத்தகங்கள் எத்தனை இரவுப் பேருந்துப் பயணங்களைத் தாங்கியிருக்கின்றன! ஒன்றே ஒன்று: பழைய புத்தகக் கடையில் வாங்கினால் கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொலைகாரன் யார் என்று தெரியாமலே விடிய விடிய உட்கார்ந்து வந்த ஒரு சேலம் பயணம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகனுக்கு முத்து காமிக்ஸ். 1972இல் அது தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். அதை அவன் படிக்கிறபோது இடையில் கூப்பிடாதீர்கள்.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். மேல் பெர்த்தில் மல்லாந்து படுத்துப் படிப்பதாக இருந்தால் இருநூறு, இருநூற்றைம்பது பக்கத்துக்கு மேல் வேண்டாம், மணிக்கட்டு வலிக்கும். பெட்டி ஆடும், அதனால் எழுத்து கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் பெரிய விளக்குகளை அணைத்துவிடுவார்கள். உங்கள் வண்டி இரவில் கிளம்புகிறது, நடுவில் ஒரு முழுப் பகல், பிறகு இன்னோர் இரவு. படிக்கக் கிடைப்பது முப்பது மணி நேரம் இல்லை, அந்த ஒரு பகல்தான். தூக்கம், சாப்பாடு, நாக்பூரில் இறங்கிக் கால் நீட்டுவது எல்லாம் போக ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அதிகம். அதற்கு இரண்டு சின்னப் புத்தகங்கள் போதும்.

வாங்கும்போது முதல் பக்கத்தைப் படிக்காதீர்கள். எல்லா எழுத்தாளர்களும் முதல் பக்கத்தை நன்றாகத்தான் எழுதுவார்கள். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, நின்றபடியே ஒரு பக்கம் படியுங்கள். முன்கதை தெரியாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றினால் சரி, அது உங்களோடு வரும்.

சாம்புவைப் போகும்போது படியுங்கள். அப்புசாமியைத் திரும்பி வரும் வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து வருகிற ரயிலில் பெரியவர்கள் சோர்ந்திருப்பார்கள், பிள்ளைகள் சிணுங்குவார்கள். சத்தமாகப் படிக்க அதுதான் நேரம்.